மலர்க்கொடியின் ஆட்சேபணை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலில் என் பொறாமையில்.

திருவானைக்காவலில் ஒரு இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் மனு சொல்லிக்கொண்டிருந்தாள். மையத்தை நடத்தும் ரெஜிஸ் அதைக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தார். "ஐயா, இது ஒரே வீடு. பாதிய இடிச்சா மீதி வீடா நிக்காது." இதுதான் முதல் வரி. இரண்டு வருடமாக எந்தக் கதைக்கும் எனக்கு இப்படி ஒரு வரி அமையவில்லை. வயிறு எரிந்தது. சான்றிதழைக்கூட வாங்காமல் அவள் பின்னாலேயே படியிறங்கினேன்.

[இறங்கவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். அவள் போனதும் ரெஜிஸிடம் விசாரித்தேன். அவர் சொல்லியிருக்கக் கூடாது, சொன்னார்.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

கொள்ளிடத்தின் அக்கரையில், தென்னைகளுக்கு நடுவே

(காலண்டர் படம். வேண்டாம்.)

மலர்க்கொடி நல்லவள்தான், ஆனால்

(இதுவும் வேண்டாம். அந்த 'ஆனால்' கதை முழுவதையும் விழுங்கிவிடுகிறது.)

நேராகவே சொல்கிறேன். மலர்க்கொடிக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். மாமனார் பிச்சை கட்டிய ஓட்டு வீட்டை இரண்டு மகன்களும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் பங்கை அவரவர் மனைவி பெயருக்கு எழுதிவைத்தார்கள். கிழக்குப் பாதி மூத்தவன் நவநீதனின் மனைவி மலர்க்கொடிக்கு. மேற்குப் பாதி இளையவன் சுரேஷ்குமாரின் மனைவி யமுனாவுக்கு. நடுவில் ஒரே சுவர். மழை வந்தால் இரண்டு பாதியும் பாரபட்சமில்லாமல் ஒழுகும். அந்த வரைக்கும் இரண்டு பேருக்கும் சண்டையே கிடையாது.

இடித்துவிட்டு மாடி வீடு கட்ட, ஒரே வாரத்தில் இருவரும் அனுமதிக்கு விண்ணப்பித்தார்கள். மலர்க்கொடியின் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை, பிளானில் அளவு சரியில்லை. இரண்டாவது முறை, பட்டாவில் அவள் பெயரில் ஒரு 'க்' இல்லை. அந்த ஒற்றைப் புள்ளி எழுத்துக்காக நாலு தடவை தாலுகா ஆபீஸுக்கு நடந்தாள்.

யமுனா ஸ்ரீரங்கத்தில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறாள். அவள் ஒரு தடவைதான் போனாள். உட்காரச் சொன்னார்களாம்.

3

இடத்தைப் பார்க்க ஓவர்சியர் வந்தார். யமுனாவை "மேடம்" என்றார். எட்டிப் பார்த்த மலர்க்கொடியை "என்னம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார். அண்ணாந்து பார்த்துவிட்டு, கூரை மரம் எல்லாம் நடுச்சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்துப் பாதிக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்தால் அனுமதி வந்துவிடும் என்றார்.

அன்று சாயங்காலமே யமுனா வந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு கையெழுத்துதான்."

"வச்சிட்டுப் போ. கண்ணாடி போட்டுப் படிச்சிட்டுப் போடறேன்."

பதினோரு நாள் படித்தாள்.

4

* இங்கேதான் எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்தது. 'மேடம்' என்ற ஒரு சொல்லுக்காக ஒருத்தி இவ்வளவு தூரம் போவாளா? ஒரு இலக்கியக் கூட்டத்தில் என்னைவிடச் சின்னவர் ஒருவரை மேடைக்கு அழைத்தார்கள். என்னை, வழியை மறைக்காமல் உட்காரச் சொன்னார்கள். அது நடந்து ஆறு வருடம். அவர் அன்று கட்டியிருந்த வேட்டியின் கரை இன்னும் ஞாபகமிருக்கிறது. சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன்.

"போட்டுக் குடுத்துடேன் மலரு. தம்பி மூஞ்சியப் பாக்க முடியல" என்றான் நவநீதன்.

"அவ கட்டி முடிச்சு ஜன்னலத் தொறந்தா, கீழ நம்ம ஓடுதான் தெரியும். அங்க நின்னுக்கிட்டு நம்ம வீட்டுல இருக்கறத எண்ணுவா."

"எண்ண என்ன இருக்கு?"

"அதைத்தான் சொல்றேன்."

மறுநாள் வேலை முடிந்ததும், ஊரில் யாருக்கும் தெரியாமல் பாலம் தாண்டி ரெஜிஸிடம் வந்தாள். சம்மதக் கடிதம் எழுத அல்ல. ஆட்சேபணை மனு எழுத.

5

விசாரணைக்கு இருவரையும் அழைத்தார்கள். அதிகாரி மனுவைச் சத்தமாகப் படித்தார். முதல் வரி முடிந்ததும் நிமிர்ந்து, "யார் எழுதுனது?" என்றார்.

"நான் சொன்னேங்க. கடைல அடிச்சுக் குடுத்தாங்க."

யமுனா அவள் பக்கம் திரும்பினாள். அழவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்கக்கா. உங்களுக்கு வீடு வேணுமா? இல்ல எனக்கு வீடு இல்லாம இருக்கணுமா?"

மலர்க்கொடி யோசித்தாள். நான் எழுதியிருந்தால் அவள் இங்கே தலைகுனிந்திருப்பாள். குனியவில்லை.

"ரெண்டும்தான்" என்றாள்.

அதிகாரி மனுவை மடித்து வைத்தார். பிறகு இரண்டு வழி சொன்னார். ஆட்சேபணையை வாபஸ் வாங்கினால் யமுனாவுக்கு இந்த மாதமே அனுமதி. நடுச்சுவரைத் தொடாமல் அவள் கட்டட்டும். வாங்காவிட்டால், மலர்க்கொடியின் பட்டா திருத்தம் முடிகிறவரை இரண்டு விண்ணப்பமும் சேர்ந்தே காத்திருக்கட்டும். ஒரே நாளில் முழு வீட்டையும் இடித்துக்கொள்ளலாம். அது எப்போது என்று அவரால் சொல்ல முடியாது.

"யோசிச்சு எழுதிக் குடும்மா" என்று வெள்ளைத்தாளை மலர்க்கொடி பக்கம் நகர்த்தினார்.

6

முடிவு அ: அவள் வாபஸ் எழுதுகிறாள். யமுனா அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள். (கையைப் பிடிக்க மலர்க்கொடி விட்டால்தானே? கிழித்தேன்.)

முடிவு ஆ: யமுனா பையிலிருந்து, அக்காவுக்கும் சேர்த்து வரைந்து வைத்திருந்த பிளானை எடுக்கிறாள். (எனக்குச் சௌகரியம். மலர்க்கொடிக்கு அவமானம். யமுனா அப்படிப்பட்டவளும் இல்லை. தன் வீட்டைத்தான் நினைத்தாள், யாரும் நினைப்பதுபோல. கிழித்தேன்.)

முடிவு இ: மலர்க்கொடி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மழைக்காலம் முழுவதும்

மூன்று வரி எழுதினாள் என்பது மட்டும் நிஜம். என்ன எழுதினாள் என்று அவளே ரெஜிஸிடம் சொல்லியிருக்கிறாள், அவர் எனக்குச் சொல்லிவிட்டார். உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், ஒன்று அவளைக் கும்பிடுவீர்கள். இல்லை, காறித் துப்புவீர்கள். இரண்டுக்கும் என் மனம் ஒப்பவில்லை.

7

அவர்கள் திரும்பிய டவுன் பஸ்ஸில் நானும் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம். டோல்கேட் நிறுத்தத்தில் ஒரு சீட் காலியாக, இருவரும் அதிலேயே உட்கார வேண்டியதாயிற்று. யமுனா ஜன்னலோரம். பிறகு மலர்க்கொடி ஒரு கேள்வி கேட்டாள். அது வழிவிட்டவள் கேட்கும் கேள்வியா, மறித்தவள் கேட்கும் கேள்வியா என்பதை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

"பிளான்ல சமையல் மேடை எத்தன அடி?"

"பத்து."

"பத்தா" என்றாள் மலர்க்கொடி.

இரண்டு நிறுத்தம் தாண்டி மறுபடியும் சொன்னாள்.

"பத்து."