வெற்றுத் தகட்டில் எழுந்த முகடு

1
இந்தக் கதை, ஆய்வுக்கூட உதவியாளனான நான் கழுவிய ஒரு தகட்டிலிருந்து வந்தது. முதல் வரைவில் அதைக் கழுவியது வேறொருவன். பொய் என்று படித்ததுமே தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

2
அன்று மதியம் ஆய்வுக்கூடத்தின் சன்னல் வழியே வெயில்...

(அங்கே சன்னலே கிடையாது.)

மறுபடி. ஆய்வாளர் பெண் தகட்டில் சுத்தமான நீரை ஒரு சொட்டு வைத்து லேசரைப் பாய்ச்சினாள். மூலக்கூறுகள் சிதறடிக்கும் ஒளியை ராமன் கருவி கோடாக வரையும். தகட்டில் நுண்ணிய வெள்ளித்துகள் படிந்திருப்பதால் அந்த ஒளி லட்சம் மடங்கு பெருகும். இம்மியளவு விஷமும் தப்பாது. வெறும் நீருக்குக் கோடு தட்டையாக வரவேண்டும். திரையில் பூச்சிமருந்துக்கே உரிய கூர்முகடு குத்திட்டு நின்றது.

போன வாரம் இதே பெட்டித் தகட்டில், விஷம் கலந்ததாகப் புகார் வந்த ஒரு விடுதியின் சூப்பில் இதே முகடு வந்தது. அதை வைத்துத்தான் அந்த விடுதியின் சமையற்காரம்மாவை உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

(வெற்றுத் தகட்டை முதலில் சோதிப்பதுதான் முறை. சூப் வந்த அன்று மேலிடம் அவசரப்படுத்தியது. அவள் சோதிக்கவில்லை.)

3
"அண்ணே, இந்தப் பெட்டி புதுசுதானே?"

"பெட்டி புதுசு மேடம்."

"தகடு?"

"புதுத் தகடு தீந்துபோச்சு. நீங்க பூச்சிமருந்து வெச்சு கருவிய சரிபாத்தீங்கல்ல, அந்தப் பழசக் கழுவி வெச்சேன். மூணு தடவ கழுவினேன், சத்தியமா."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மருந்துல கந்தகம் இருக்குண்ணே. வெள்ளியப் புடிச்சா முந்நூறு தடவ கழுவினாலும் விடாது."

(இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. உண்மையில் சிரித்தாள். "மூணு தடவையாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.)

4
முடிவு ஒன்று: மிச்ச சூப்பைப் புதுத் தகட்டில் வைக்கிறாள். கோடு தட்டையாக...

முடியாது. வந்த சூப்பே நாலு சொட்டு. தீர்ந்துவிட்டது. சமையற்காரம்மா விஷம் வைத்தார் என்றோ வைக்கவில்லை என்றோ இனி யாராலும் நிரூபிக்க முடியாது.

முடிவு இரண்டு: சூப் பற்றிய அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் அடித்தாள். கையெழுத்துப் போட்டாள். என் பக்கம் நகர்த்தினாள்.

"என் வேலை போயிரும். உங்களுதும்தான். நீங்க கையெழுத்துப் போடலைன்னா, பயந்துபோய் உளர்றேன்னு தூக்கி ஓரமா வெச்சிருவாங்கண்ணே."

நான் போட்டேனா என்று கேட்காதீர்கள். ஆறு வரைவிலும் பேனாவோடு நின்றுவிட்டேன். கடிதத்தின் கடைசி வரி இதுதான். பேனாவை நீங்கள் பிடியுங்கள்.

தகட்டைக் கழுவியவர்: ____________