அமிர்தநாதனின் ஆர்மோனியம்

இலங்கை மலையகத்தின் டயகமத் தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் இருபது வருடம் பாட்டும் செபமும் நடத்தும் உபதேசியாராக இருந்த அமிர்தநாதன் இறந்த பிறகு, அவருடைய ஆர்மோனியத்தை யாரும் வாசிக்கவில்லை. மனைவி தெரேசா அதைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். 1961 மே மாத மழையில் லயத்து வீட்டின் கூரைத் தகரம் ஒழுகி, சாக்கு நனைந்தது. மகள் பெற்றீசியா அவிழ்த்துப் பார்த்தாள். துருத்தியின் தோலை எலி கடித்துக் கந்தலாக்கியிருந்தது.

தெரேசா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சரி பண்றேம்மா," என்றாள் பெற்றீசியா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அவள்.

"வேணாம். அதுல ஒங்க அப்பா கையால ஒட்டுன தோலு இருக்கு. அதையும் பிச்சுப் போட்டா அவரு கைபட்டது எது மிஞ்சும்?"

"அப்பாவும் கிழிஞ்சதப் பிச்சுப் போட்டுட்டுத்தானே புதுசு ஒட்டினாரு? அவரு செஞ்சதத்தான் நானும் செய்யப்போறேன்."

தெரேசா அதற்குமேல் தடுக்கவில்லை.

சனிக்கிழமை பெற்றீசியா பழைய துருத்தியைக் கழற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினாள். தோல் பைகள் தைக்கும் அலியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வேலை எனக்குப் பழக்கமில்ல டீச்சர். கெட்டுப்போனா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"ஒட்டுறது நான். நல்ல மெல்லிசான ஆட்டுத்தோலும் ஒட்டுற வச்சிரப் பசையும் மட்டும் தாங்க."

அலியார் சிரித்துக்கொண்டே பழைய தோலை அளவு வைத்து, புதுத் தோலை வெட்டிக்கொடுத்தார்.

முதல் தடவை ஒட்டியது நிற்கவில்லை. டயகமக் குளிரில் வச்சிரம் பூசும்போதே இறுகிப்போனது. பெற்றீசியா எல்லாவற்றையும் உரித்தெடுத்தாள். வச்சிரச் சட்டியை வெந்நீரில் இறக்கி, துருத்தி மடிப்பின் காகித அட்டைகளை அடுப்பருகே சூடாக்கி மறுபடி தொடங்கினாள். மடிப்பைப் பிடிக்க இரண்டு கைகள் போதவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்த தெரேசா சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையைக் கழுவி, எதிரே உட்கார்ந்து மூலையை அழுத்திப் பிடித்தாள்.

"இப்புடித்தான் அவருக்கும் புடிச்சுக் குடுத்தேன்," என்றாள்.

பெற்றீசியா நிமிர்ந்து பார்த்தாள். இதை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் பெற்றீசியா துருத்தியைப் பெட்டியில் பொருத்தி அமுக்கினாள். காற்று எங்கும் ஒழுகவில்லை. அப்பாவிடம் கற்ற நான்கு பாட்டில் ஒன்றை வாசித்தாள். பக்கத்துக் காம்பிராவில் குடியிருந்த வீரம்மா அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். தெரேசா அழுதாள், அழுதுகொண்டே மகளோடு பாடினாள்.

அந்தோனியார் திருநாளன்று கோயிலில் பெற்றீசியாதான் வாசித்தாள். பூசை முடிந்ததும் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவைச் சேர்ந்த இராயப்பன் தயங்கித் தயங்கி வந்தார்.

"மகளுக்குக் கல்யாணம். ஆர்மோனியப் பொட்டியக் கொஞ்சம் எரவல் குடுப்பீங்களா?"

பெற்றீசியா வாய்திறக்கும் முன் தெரேசா சொன்னாள்:

"பொட்டிய மட்டும் குடுக்க மாட்டோம் அண்ணே. எம் மகளும் வருவா, வாசிப்பா. தேதியச் சொல்லுங்க."