கறுப்புக் கட்டத்துக்குள் அப்பா

காலை ஏழே காலுக்கு, பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடியில் ரலித்சா தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சுற்றிலும் கறுப்புக் கோடு, மேலே சிலுவை, கீழே இரங்கல் வாசகம். பசை இன்னும் ஈரமாக இருந்தது.

கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எதையும் வரிசையாகப் பார்த்தால்தான் அவளுக்குப் புரியும். பெயர்: மரின் பெத்கோவ். வயது: அறுபத்தொன்று. அடக்கம்: இன்று பிற்பகல் ஒரு மணி. பெயர் மரினுடையது, ஒன்பதாம் பிளாக்கில் குடியிருப்பவர். முகம் மட்டும் அப்பா ஸ்தோயிலுடையது. அவர் இந்நேரம் ஹங்கேரியில் லாரி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நோட்டீஸின் அடியில் அவள் வேலை பார்க்கும் கடையின் பெயர் இருந்தது. ரூசே நகரில் சவப்பெட்டியும் மலர்வளையமும் விற்று, இரங்கல் நோட்டீஸும் அச்சடித்துத் தரும் கடை. முதலாளி கொஸ்தாவுக்குப் போன் செய்தாள்.

"கொஸ்தா அண்ணே, மரினோட படத்தை யாரு வெட்டினது?"

"அவரோட தங்கச்சி. வர்னாவுல அவங்க வீட்டுலதான் செத்துப்போனாராம். நேத்து நீ சாயங்கால வகுப்புக்குப் போனதும் வந்தாங்க. நீ எழுதின புரோகிராமுலதான் வெட்டினாங்க! மவுஸை அழுத்தி, இழுத்து, விட்டாங்க. கட்டம் மூஞ்சில கச்சிதமா உக்காந்துச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அச்சாகி வந்ததைப் பாத்தீங்களா?"

"அந்தம்மா அழுதுக்கிட்டு இருக்கு, நான் அதைப் பாப்பேனா பேப்பரைப் பாப்பேனா? அப்படியே சுருட்டி ஒட்டுற பையன்கிட்ட குடுத்துட்டேன். ஏன்?"

"அதுல இருக்கிறது எங்கப்பா."



"உயிரோட இருக்காராம்மா?"

"தெரியல. இருக்காரு. இருக்கணும். அண்ணே, படம் பெருசா?"

"பெருசுதான். லாரி முன்னால நாலு டிரைவருங்க, ஓரத்துல மரின். திரை கொள்ளல. உன் புரோகிராமே அதைச் சுருக்கிக் காட்டுச்சு. பரவால்லையே, பொண்ணு விவரமாத்தான் எழுதியிருக்குன்னு நெனச்சேன்."

படத்தைச் சுருக்கிக் காட்டும் வரிகளை அவள்தான் எழுதினாள். மவுஸ் எங்கே அழுத்தப்பட்டது, எங்கே விடப்பட்டது என்று குறித்துக்கொள்ளும் வரிகளும் அவளுடையவையே. அந்தக் கணக்கு சுருங்கிய படத்தில் எடுத்தது. வெட்டுவது மட்டும் சுருங்காத அசலில். ஆயிரத்து அறுநூறு புள்ளி அகலப் படம் திரையில் ஆயிரத்து இருநூறாகியிருந்தால், அசலில் ஆயிரத்து இருநூறாவது புள்ளியில் நிற்கும் மரின் திரையில் தொள்ளாயிரத்தில் தெரிவார். அசலின் தொள்ளாயிரத்தில் நிற்பது அவருக்குப் பக்கத்து ஆள், அப்பா. பதினான்கு முறை சோதித்ததாக நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பதினான்கும் திரைக்குள் அடங்கும் சின்னப் படங்கள். கேஸ் அடுப்பை மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறவளுக்கு, இதில் மட்டும் சந்தேகமே வரவில்லை.

"எத்தனை ஒட்டச் சொன்னீங்க?"

"பன்னெண்டு. இங்கேருந்து உங்க பிளாக் வரைக்கும்."

பதினோராம் பிளாக். அம்மா பென்கா பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு ஏழரைக்குக் கீழே இறங்குவாள். மூக்குக்கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. முகம் தெரியும்.

நிறுத்தத்தில் இருந்ததைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினாள். எலுமிச்சம்பழம்போல் மஞ்சளித்த சாலையோர லிண்டன் மரங்களில் நான்கு, மருந்துக்கடைச் சுவரில் ஒன்று. நாயோடு வந்த ஒருவர், "செத்தவங்க நோட்டீஸைக் கிழிக்கிறியே, நீயெல்லாம் மனுஷியா?" என்று கத்தினார். பதில் சொல்ல மூச்சில்லை. ஒன்பதாம் பிளாக்கில் மூன்று, பத்தாம் பிளாக்கில் இரண்டு. நகக்கண்ணில் பசை ஏறியது. தன் பிளாக் கதவுக்கு வந்தபோது அங்கே நோட்டீஸ் இல்லை. நான்கு மூலைகள் மட்டும் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தன. யாரோ ஒரே இழுப்பில் கிழித்திருந்தார்கள்.

நான்கு மாடி ஏறினாள். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

அம்மா கோட்டோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மேசையில் அந்த நோட்டீஸ், அதன்மேல் போன்.

"பேசு, ஸ்தோயில். நிறுத்தாதே."

"என்னத்தடி பேசுறது?" போனில் அப்பாவின் குரல் இரைந்தது. "போர்டைத்தான் படிக்கிறேன். கியோர், முப்பத்தாறு கிலோமீட்டர். அடுத்து பெட்ரோல் பங்க். காப்பிக் கோப்பை படம் போட்டிருக்கு. காலங்காத்தால உனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியந்தான். நீ படி."

ரலித்சா வாசற்படியிலேயே நின்றாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இதைச் செஞ்சவன் மட்டும் கைல கெடச்சான்னா, கையை ஒடச்சுப்புடுவேன்."

"நான்தாம்மா. என் புரோகிராம்தான். கட்டம் தள்ளி வெட்டிருச்சு."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ அந்நியப் பெண் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல. பிறகு கேட்டாள்: "அப்போ யாரு மூஞ்சிடி இங்க இருக்கணும்?"

அம்மா ஃபிரிட்ஜ் மேலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"மரின் பெத்கோவ்."

போனில் போர்டு படிக்கும் குரல் அறுந்தது. லாரியின் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்தது. பிறகு எஞ்சின் நின்றது.

"எந்த மரின்?"

"நம்ம மரின்தான்," என்றாள் அம்மா.

அப்பாவும் மரினும் பத்தொன்பது வருஷம் ஒரே லாரியில் மாறி மாறி ஓட்டியவர்கள். அப்போதுதான் ரலித்சாவுக்கு உறைத்தது. பெயரை அவள்தான் முதலில் படித்தாள். பதினொரு முறை கையால் கிழித்தாள். மரின் மாமா செத்துப்போய்விட்டார் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை.

"அடக்கம் எப்போ?"

"ஒரு மணிக்கு, அப்பா."

"நான் வந்து சேர முடியாது." என்றார் அப்பா. "ரலித்சா, அவன் மூஞ்சியை ஒழுங்காப் போட்டு ஒட்டும்மா. மூஞ்சி இல்லாம அனுப்பாதீங்க."

எட்டரைக்குள் கடையில் இருந்தாள். புரோகிராமில் ஒரு வரிதான் விடுபட்டிருந்தது: அசல் அகலத்தைத் திரை அகலத்தால் வகுத்து, மவுஸ் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் அதனால் பெருக்க வேண்டும். எழுதினாள். நான்கு ஓட்டுநர் படத்தைத் திறந்து, மவுஸை அழுத்தி, மரினின் முகத்தைச் சுற்றி இழுத்தாள். வெட்டியதில் மரின் சிரித்தார். ஓரத்தில், அவர் தோளின்மேல், நான்கு விரல்கள்.

கொஸ்தா எட்டிப் பார்த்தார். "அந்தக் கை எதுக்கு? இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி இழு."

"இல்லண்ணே. அது அப்பாவோட கை," என்றாள். முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பெயரையும் முகத்தையும் மூன்று முறை ஒப்பிட்டாள். பிறகு மீதிப் பதினொன்றையும் அச்சுக்குக் கொடுத்துவிட்டு, பசை வாளியைத் தானே எடுத்துக்கொண்டாள்.