மேல்கணக்குக்கு ஏறிய வண்டி

குருசுமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குக்கு வண்டி ஏறாது என்பது மஸ்கெலியாக் கடைவீதியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தோட்டத்தின் ஒரு பிரிவைத்தான் கணக்கு என்பார்கள். கீழ்கணக்கில் ஃபெக்டரி, ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்த ஒரு மருந்து அறை, லொறி வந்து திரும்ப ஒரு வெட்டவெளி. மேல்கணக்கில் தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயம், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போக ஒரு பிள்ளைக்காம்பரா, மிச்சமெல்லாம் மேகம். கொழுந்து மூட்டைகள் கம்பியில் தொங்கிக்கொண்டு சொகுசாகக் கீழே வந்துவிடும். ஆள்தான் நடக்க வேண்டும். வெள்ளைக்காரத் துரை குதிரையில் போவதற்கு வெட்டிய பாதை அது. குதிரை போய், துரையும் போய், பாதை மழையில் கரைந்து பாதியாகக் கிடந்தது. கொழுந்துக்குக் கம்பி இழுத்தவன் மனிதனுக்கு ஏன் இழுக்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வியாபாரி. கொழுந்துக்கு விலை இருக்கிறது.

மேலே யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியை மூங்கிலில் கட்டி, அதில் போட்டுத் தூக்கி வருவார்கள். கஸ்பரின் மனைவி ஐவியையும் முதல் பிரசவத்துக்கு அப்படித்தான் தூக்கி வந்தார்கள். பாதி வழியில், ஓடைக்கரையில், மழைக்குள் பிள்ளை பிறந்தது. அழவில்லை. ஐவியை மட்டும் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கஸ்பர் எங்கள் கடை லொறியின் டிரைவர். எங்கள் கடை என்றால் என் அப்பாவின் பழைய இரும்புக் கடை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு, துரைமார் விட்டுப்போன சாமான்களை ஏலத்தில் தள்ளினார்கள். அப்பா அதில் ஒரு கிழட்டு லேண்ட் றோவரை எடுத்தார். ஓட்டுவதற்கல்ல. அதன் உடம்பு அலுமினியம். உருக்கினால் சட்டி பானை. பின்முற்றத்தில் கிடந்த அதைக் கஸ்பர் கோயில் தேரைச் சுற்றுவது போலச் சுற்றிச் சுற்றி வந்தார். ஐவி மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

எங்கள் கடைவீதியில் பேரத்துக்கு ஒரு முறை உண்டு. வாங்குகிறவன் பொருளைத் திட்ட வேண்டும். விற்கிறவன் அதற்குக் கற்பூரம் காட்ட வேண்டும். கஸ்பருக்கு அந்த மரியாதை தெரியாது.

"மொதலாளி, இந்த மாதிரி வண்டி இனிமே கெடைக்காதுங்க. எஞ்சின் தங்கம். நாலு வீலும் இழுக்கும். மலையில ஆடு மாதிரி ஏறும்."

அப்பா வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். "ஏண்டா, வாங்க வந்தவன் நீயா, நானா?"

"நான்தாங்க."

"அப்ப வண்டியக் கொறை சொல்லு. நீ கொறை சொன்னாத்தானே நான் கோவப்பட முடியும்? நான் கோவப்பட்டாத்தானே வெலை வரும்?"

கஸ்பர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "அடிச்சட்டம் துருப்பிடிச்சிருக்குங்க. ஆனா பத்த வச்சிரலாம்."

"ஆனா போடாதடா, பாவி!"

கடைசியில் அப்பா இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார். வாழ்நாளில் தோற்ற ஒரே பேரம் என்று அதைப் பிற்பாடு சொல்லிக்கொள்வார். சொல்லும்போது முகத்தில் தோற்றவனின் களை இருக்காது.

வேலை எங்கள் பின்முற்றத்திலேயே நடந்தது. லொறி ஓடாத நேரமெல்லாம் கஸ்பரின் கால்கள் மட்டும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அடிச்சட்டம் ஆப்பம் மாதிரி ஓட்டை விழுந்திருந்தது. இரும்புக் கடையில் தண்டவாளத் துண்டுக்கா பஞ்சம்? அறுத்து வைத்து, வெல்டிங் அடிக்க ஜினதாச பாஸைக் கூப்பிட்டோம். பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருந்த சிங்கள மெக்கானிக்; கைத்தொழில்காரரை பாஸ் என்பது வழக்கம். கஸ்பரோடு பல வருஷப் பழக்கம். இருவரும் சேர்ந்தால் பாதி சிங்களம், பாதி தமிழ், மீதி கெட்ட வார்த்தை.

முன் சக்கரங்களுக்கு எஞ்சினின் இழுவையைக் கொண்டுபோகும் தண்டை ஏலத்துக்கு முன்னாலேயே யாரோ ஒரு புண்ணியவான் கழற்றி விற்றிருந்தான். அது இல்லாமல் நாலு சக்கரம் இழுக்கிற வண்டி என்பது பெயருக்குத்தான். முன்னங்கால் சூம்பிய மாடு. அட்டனில் ஒரு பழைய சாமான் கடையில் ஒன்று கிடந்தது. கஸ்பரை வாசலிலேயே நிறுத்தி, வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். தேவையில்லாத ஒரு ரேடியேட்டருக்கு அரை நாள் பேரம் பேசி, கோபித்துக்கொண்டு எழுந்து, "வந்த பாவத்துக்கு அந்தத் துருப்பிடிச்ச தடியையாவது குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் மஸ்கெலியா வரும்வரை கஸ்பர் அதைச் சாக்கில் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தார்.

லொறி வில்லிலிருந்து பட்டைகள் எடுத்துச் சேர்த்து வண்டியை உயர்த்தினார். சேற்றில் வழுக்காமலிருக்க டயர்களுக்குச் சங்கிலி கட்டினார். பின் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, ஒருத்தி கால் நீட்டிப் படுக்கும்படி பலகை அடித்து, தேங்காய்த் தும்பு மெத்தை போட்டார். ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் ஏறி எஞ்சின் நின்றுவிடக் கூடாது என்று புகைக்குழாயை வளைத்துக் கூரை உயரத்துக்குத் தூக்கி விட்டார். சைலன்சர் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. அந்தக் காலத்தில் புதிது வாங்குவதென்றால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்பினால் கடைவீதியே காதைப் பொத்திக்கொண்டது.

"அண்ணே, இந்தச் சத்தத்துக்குப் புள்ள உள்ளேயே பயந்துரும்" என்றேன்.

"பயந்து கத்தட்டுமே, சின்ன மொதலாளி. மொதப் புள்ள சத்தமே போடலையே."

அதற்கு மேல் நான் விளையாடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரய்யா முற்றத்துக்கு வந்தார். மேல்கணக்கின் சங்கத் தலைவர். அவர் சொன்னால் மூன்று லயமும் கேட்கும். முன் அச்சு முழுவதும் கழன்று, பல்சக்கரங்கள் சாக்கின் மேல் பரப்பிக் கிடந்தன.

"என்ன கஸ்பரு, வண்டிக்கே பிரசவம் பாக்குற?"

"அடுத்த வாரம் மேல வந்துரும், தலைவரே."

"வண்டி மேல வந்து எங்கப்பனும் பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல. ஸ்ட்ரைக்கு நேரத்துல ஒரே ஒரு போலீஸ் ஜீப்பு கெளம்புச்சு. பாதி வழியில சேத்துல மாட்டிக்கிச்சு. மிச்சத்தை நடந்து வந்துதான் எங்கள அடிச்சாங்க. ரோட்டு நல்லா இருந்திருந்தா களைப்பில்லாம அடிச்சிருப்பாங்க." சிரித்துவிட்டு, "பெரியவங்க சும்மாவா ரோட்டைப் பத்திப் பேசாம இருந்தாங்க?" என்றார்.

நாங்களும் சிரித்தோம்.

அடுத்த வாரம் வந்தது. அது எழுபத்தேழாம் வருஷத்து ஆவணி. தேர்தல் முடிந்த சூடு ஆறவில்லை. தமிழர்கள் மேல் எங்கோ வடக்கில் தொடங்கியதாகச் சொன்ன கலவரம் மலைக்கும் ஏறிவிட்டது. எந்தத் தோட்டத்தில் லயத்தைக் கொளுத்தினார்கள், எதில் கொளுத்தவில்லை என்பதில் ஆளுக்கொரு கதை. ஒன்றில் மட்டும் எல்லாக் கதையும் ஒத்துப்போனது: லொறியிலும் ஜீப்பிலும் வருகிறார்கள். அப்பா கடைக் கதவுகளைச் சாத்தி, உள்ளே இரும்பை முட்டுக் கொடுத்தார். லொறியோடு திரும்பி வந்த கஸ்பர் மேலே போக வழியில்லாமல் எங்கள் வீட்டிலேயே அடைந்து கிடந்தார். சும்மா கிடக்கவில்லை. ஜினதாச பாஸ் பின்வேலி வழியாக வந்துபோய்க்கொண்டிருந்தார். கதவைச் சாத்திய முற்றத்துக்குள் இருவரும் அச்சைப் பூட்டி முடித்தார்கள்.

முடித்த அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கீழ்கணக்கிலிருந்து ஒருவன் தேயிலைக்குள்ளேயே ஒளிந்து ஒளிந்து வந்து சேர்ந்தான்.

"ஐவியக்காளுக்குக் காலையிலேயே வலி கண்டிருச்சாம். புள்ள குறுக்க கிடக்குன்னு மருத்துவச்சி மீனம்மா சொல்லி அனுப்பிச்சு. தூக்கிட்டு வரலாம்னா பாதையில எறங்க எல்லாருக்கும் பயமா இருக்காம்."

கஸ்பர் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"அத யன்ன எப்பா, கஸ்பர்" என்றார் ஜினதாச பாஸ். இன்றைக்குப் போகாதே என்று. கஸ்பர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பாஸ் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, தானும் ஏறி முன்னால் உட்கார்ந்தார். "சந்தியில மறிச்சா நான் பேசுறது. நீ வாய் தொறக்க வேணாம்." நான் பின்னால், அந்தத் தும்பு மெத்தையில். அப்பா என் சட்டையைப் பிடித்தார்; பிறகு விட்டுவிட்டார்.

சந்தியில் மறித்தார்கள். பாஸ் இறங்கி, ஒருவன் தோளில் கை போட்டு, எதையோ சொல்லிச் சிரித்தார். விட்டார்கள்.

வண்டி ஏறியது. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். கீழ்கணக்கைத் தாண்டியதும் கஸ்பர் சிவப்புக் குமிழ் வைத்த சின்னக் கியரைத் தள்ளினார். நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வின. பாதை இருந்த இடத்தில் பாதையிலும், இல்லாத இடத்தில் பாறையிலும் ஏறியது. ஓடையில் தண்ணீர் கதவின் பாதிவரை வந்தும் எஞ்சின் இருமவில்லை. கூரை உயரத்துக் குழாய் மலையெல்லாம் எதிரொலிக்க முழங்கியது. சுற்றிலும் பனிமூட்டம். பத்தடிக்கு முன்னால் தெரியவில்லை. "தங்கம், தங்கம்" என்று கஸ்பர் முணுமுணுத்துக்கொண்டே மிதித்தார்.

மேல்கணக்கில் ஒருவருமில்லை.

மூன்று லயத்திலும் கதவுகள் திறந்து கிடந்தன. அடுப்புகள் எரிந்தன. ஒரு கல்லில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. ஐவி குடியிருந்த காம்பராவில் பிரசவத்துக்கு வைத்த வெந்நீர் கொதித்தது. படுக்கை ஈரமாக இருந்தது. கம்பளியைக் காணோம்.

"அடிச்சிட்டாங்களா?" என்றேன்.

"இல்ல. இப்பத்தான் போயிருக்காங்க." கஸ்பர் ஓடிப்போய் வண்டியின் ஹோர்னை அமுக்கினார். விடாமல் அமுக்கினார். எஞ்சினை உறுமவிட்டார். வந்துவிட்டேன் என்று சொல்வதற்கு அவரிடம் இருந்த சத்தம் அதுதான். லயத்துக்கு மேலே காட்டோரத்தில் கிளைகள் முறியும் ஓசை கேட்டது. பிறகு இன்னும் தூரத்தில் கேட்டது. காட்டோரம்வரை வண்டியை ஏற்றினார். ஓசை மேலும் தள்ளிப்போனது.

மரங்கள் மறித்த இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு மூவரும் கத்தினோம். எங்கள் இருவர் குரலும் பனிமூட்டத்துக்குள் அமுங்கிப்போயின. பட்டறையில் கத்திப் பழகிய ஜினதாச பாஸின் குரல்தான் எடுபட்டது. "ஐவி! ஐவி! பய வென்ன எப்பா!" பயப்படாதே என்று அந்த நல்ல மனுஷன் தனக்குத் தெரிந்த மொழியில் காட்டைப் பார்த்துக் கூவினார்.

காடு மூச்சுக் காட்டவில்லை.

இரவெல்லாம் தேடினோம். விடிந்த பிறகு அவர்களாகவே வந்தார்கள். முன்னால் வீரய்யா. பின்னால் மூங்கிலில் கம்பளி. கம்பளியின் தொங்கலைப் பார்த்ததும் கஸ்பர் எழுந்து நின்றவர் அப்படியே நின்றார். மீனம்மாவின் மாராப்புக்குள் ஒரு பெண் குழந்தை கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

மீனம்மாதான் பேசினாள். "வண்டிச் சத்தம் கேட்டதும் அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடினோம். ஐவி சொல்லிக்கிட்டேதான் வந்துச்சு, கஸ்பரு. 'அது எங்க வீட்டுக்காரரு வண்டி, என்னை எறக்கி விடுங்க'ன்னு. ஒன் வண்டி எலும்பு எலும்பாக் கழண்டு கிடந்ததைத் தலைவரு கண்ணால பாத்தவரு. நாங்க தலைவரு பேச்சை நம்பினோம். சத்தம் கிட்ட வர வர நாங்க உள்ள உள்ள போனோம். அப்புறம் சிங்களத்துல பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அது பதில் சொல்லப் பாத்துச்சு. வாயைப் பொத்திட்டோம். நான்தான் பொத்தினேன். புள்ளயத் திருப்பி எடுத்துட்டேன். ரத்தத்தை நிறுத்த முடியல."

வீரய்யா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வண்டியில வர்றவன் நம்ம ஆளா இருக்க முடியாதுன்னு நெனச்சுட்டேன், கஸ்பரு. இத்தனை வருஷத்துல வந்ததில்லையே."

கஸ்பர் வண்டியின் பின்கதவைத் திறந்தார். ஐவியைத் தும்பு மெத்தையில் கிடத்தினார். பலகை அவளுக்கு அளவாக இருந்தது. மீனம்மா குழந்தையோடு முன்னால் ஏறிக்கொண்டாள். பாஸ் பின்னால் ஐவியின் காலடியில், முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்புக் குமிழ்க் கியரில் வண்டி மெல்ல இறங்கியது. ஒரு குலுங்கல்கூட இல்லை.

குழந்தை பிழைத்தது. சிசிலி என்று பெயர் வைத்தார்கள்.

வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக அப்பா தானாகவே சொன்னார், பேரம் இல்லாமல். கஸ்பர் கொடுக்கவில்லை. மேல்கணக்கில் யாருக்கு முடியாமல் போனாலும் அந்த வண்டிதான் போனது. ஆனால் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் அலறின, பெண்கள் காட்டுப் பக்கம் பார்த்தார்கள். நான் எங்கெங்கோ அலைந்து ஒரு சைலன்சர் தேடிக் கொண்டுவந்து பூட்டினேன். அது இன்னும் மோசம். சத்தமில்லாமல் வருகிற வண்டியை எப்படித் தெரிந்துகொண்டு ஓடுவது என்று கேட்டார்கள். கழற்றிவிட்டோம்.

முடிவில் ஒரு வழக்கம் உண்டானது. யாரும் பேசி வைக்கவில்லை. கீழ்கணக்கில் வீரய்யா காத்திருப்பார். வண்டி வந்ததும் முன்னால் நடப்பார். "நம்ம வண்டி! கஸ்பரு வண்டி! நம்ம வண்டி!" என்று மேல்கணக்குவரை கத்திக்கொண்டே போவார். மழையானாலும் அப்படித்தான். கஸ்பர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓட்டுவார். பாறையில் ஆடு மாதிரி ஏறும் வண்டி, ஒரு கிழவனின் நடைக்கு நடை போட்டு ஊர்ந்தது. அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ஒருமுறை நான் கூடப் போயிருந்தேன். நல்ல மழை. ஓடையைத் தாண்டிய ஏற்றத்தில் வீரய்யா நின்று நின்று மூச்சு வாங்கினார். கத்தியது பாதி இருமலாக வந்தது.

"அண்ணே, வயசான மனுஷன். ஏத்திக்குவோமே."

கஸ்பர் வண்டியை நிறுத்தவில்லை.

"ஏத்திக்கிட்டா யாரு கத்துறது?" என்றார்.