பச்சை வியாழன்

என் வீட்டுக்காரர் சுந்தரராஜுக்கு ஐம்பது வயது முடிந்தபோது, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு தொலைநோக்கி வாங்கி அனுப்பினாள். ஒரு சட்டை அனுப்பியிருக்கலாம். துவைத்துக் காயப்போடுவதோடு என் பாடு முடிந்திருக்கும்.

போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. ஏலத்தில் எடுத்த காயை ரகம் பிரித்து வெளியூர் வியாபாரிகளுக்கு அனுப்புகிறோம். தினமும் காலையில் ஒரு கிண்ணத்தில் காயை அள்ளி வைத்து, கடைப் போனில் படம் எடுத்து அவர் அனுப்புவார். அதைப் பார்த்துத்தான் அவர்கள் விலை சொல்வார்கள். காய் எவ்வளவு பச்சையோ அவ்வளவு மதிப்பு. ‘சுந்தரராஜ் அண்ணாச்சி படம் பொய் சொல்லாது’ என்று வியாபாரிகள் சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. யாரும் சொல்லாத நாட்களில் அவரே சொல்லிக்கொள்வார்.

பெட்டியைப் பிரித்த அன்றே வியாழன் கிரகத்தைப் படம் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார். அவர் சொந்தமாக வைத்திருப்பது பட்டன் போன் என்பதால் கடைப் போன் மாடி ஏறியது. அதைத் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் கிளிப் போட்டு மாட்டினார். ஸ்டாண்டின் கால்கள் ஈர்க்குச்சி கனம். போனை விரலால் தொட்டதும் வியாழன் கரகம் ஆடியது. ஆட்டத்தை நிறுத்த என் அரிசிப் பையை எடுத்து ஸ்டாண்டின் நடுவில் கட்டித் தொங்கவிட்டார். ஆட்டம் நின்றது. ஆனால் படத்தில் வியாழன் வெறும் வெள்ளை இட்லியாக இருந்தது. வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து அதையும் சரி செய்தார். பிறகு உருவம் கொதிக்கிற பால் போலத் தளும்பியது. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் சூட்டைக் கக்குகிறது என்று கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீரை மாடியில் கொட்டினார். நான் பிடித்து வைத்த தண்ணீர். அதைப் பற்றி நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

கடைசியில் ஒரு சாயங்காலம் வியாழன் ஒழுங்காக விழுந்தது. உருண்டையாக, குறுக்கே இரண்டு கோடுகளோடு, நல்ல பச்சை நிறத்தில். பச்சையாக இருப்பது ஒரு குறை என்றே அவருக்குத் தோன்றவில்லை. உடனே ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்.

முதல் ஆளாக விருதுநகர் விஜயபாண்டி பதில் போட்டார். எங்களிடம் அதிகமாகக் காய் எடுக்கிறவர் அவர்தான். வியாழன் எப்போது பச்சையானது என்று கேட்டிருந்தார். பின்னாலேயே மற்றவர்களும் சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்கள்.

என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. “இன்னைக்கு என் படத்தப் பாத்துச் சிரிக்கிறவன் நாளைக்கு என் காயப் பாத்தும் சிரிப்பான் பியூலா. நெசமான கலர்ல ஒரு படம் போடாம விடமாட்டேன்” என்றார்.

பச்சைக்குக் காரணம் தேடும் படலம் ஆரம்பித்தது. நிலா பார்க்கும்போது கண் கூசாமலிருக்க என்று பெட்டியோடு வந்த பச்சைக் கண்ணாடி ஒன்றை லென்ஸில் திருகியிருந்தார். திருடனைப் பிடித்த மாதிரி அதைக் கழற்றி என்னிடம் காட்டினார். அதற்கப்புறமும் வியாழன் பச்சை. பக்கத்து மாடியில் கட்டியிருந்த பச்சை வலையைச் சந்தேகப்பட்டு, அந்த வீட்டாரிடம் போய்ப் பேசி, ஒரு சாயங்காலம் அவிழ்க்க வைத்தார். வியாழன் அசரவில்லை. பிறகு மலையைப் பழி சொன்னார். மேற்கே முழுக்க ஏலத்தோட்டம், அந்தப் பச்சைதான் காற்றில் ஏறி நிற்கிறது, தோட்டத்துக்கும் மேலே போய் எடுத்தால் சரியாகிவிடும் என்றார். இருட்டில் இலைக்கு ஏது பச்சை என்று கேட்டேன். உனக்கு விஞ்ஞானம் தெரியாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு ஜீப்பு பிடித்துப் போடிமெட்டுக்குப் போனோம். வளைவுக்கு வளைவு தொலைநோக்கியை மடியில் வைத்துப் பிடித்தவள் நான். மேலே போனபோது வெயில் இன்னும் இருந்தது. இருட்டும்வரை சும்மா இருப்பானேன், போனைச் சோதித்துப் பார்க்கலாம் என்று டீக்கடை வாசலில் என்னை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். அந்தப் போனில் அதுவரை மனிதரை எடுத்ததே இல்லை.

என் வெள்ளைச் சேலை பாசி பிடித்த தொட்டி நிறத்தில் இருந்தது. முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

நான் படத்தைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தார். போனில் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே சொன்னார். போன் வாங்கிய புதிதில், காய் கொஞ்சம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று போன் கடைக்காரரிடம் சொல்லிக் கேமராவில் பச்சையைக் கூட்டி வைத்தாராம். அப்படியே மறந்துபோனாராம்.

“பொய்னு சொல்லாத. காய்க்குக் கொஞ்சம் பவுடர் போட்டேன், அவ்வளவுதான்.”

“வியாழனுக்குமா?”

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. வியாழன் கண்ணில் படும்முன்பே ஜீப்பு ஏறிவிட்டோம். இறக்கம் முழுக்கத் தொலைநோக்கியை அவரே மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் கேமராவை உள்ளபடிக்கு மாற்றினார். போனை மாட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, கண்ணை வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்தேன். படமும் அதே மாதிரியே வந்தது. வெளுத்த சந்தன நிறம், காப்பிக் கறை போல இரண்டு பட்டை, ஓரத்தில் புள்ளி புள்ளியாக நிலாக்கள். அழகாக இருந்தது. எனக்கே கொட்டிய தண்ணீர் மறந்துபோனது.

விடிந்ததும் கடையில்தான் வினை. அதே போனில் காயைப் படம் எடுத்தார். நல்ல காய்தான், ஆனால் படத்தில் வழக்கமான மினுக்கம் இல்லை. மறுபடி பச்சையைக் கூட்டவா என்று அவர் விரல் தவித்ததை நான் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

விஜயபாண்டி உடனே கூப்பிட்டார். பழைய சரக்கா, இந்தக் காய் வேண்டாம் என்றார். இவர், புதுக்காய்தான், இதுவரை அனுப்பிய படங்களில்தான் கொஞ்சம் பச்சை கூடுதல், இன்று உள்ளது உள்ளபடி என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

“அது தெரிஞ்ச சங்கதிதான அண்ணாச்சி. போடிப் படம்னா கழிச்சுத்தான் பாப்போம். மத்தவங்களுக்கு எட்டணா பச்சை கழிப்போம், உங்களுக்கு ரெண்டணாதான். அதனாலதான் உங்க படம் பொய் சொல்லாதுங்கறது.”

இவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு இவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விஜயபாண்டி மேலே பேசிக்கொண்டே போனார். பழையபடியே அனுப்பினால் நல்லது, தன் கடைப் பையன்களுக்குக் கழித்தே பழக்கமாகிவிட்டது, புதிதாக மாற்றினால் குழம்புவார்கள் என்றார்.

“இல்ல தம்பி. இனிமே கழிக்காதீங்க” என்று சொல்லி இவர் போனை வைத்தார். மாதிரிக்குக் கொஞ்சம் காயைப் பொட்டலம் கட்டி, விருதுநகர் பஸ்சில் போட்டுவிடும்படி என்னிடம் சொன்னார். பிறகு என்ன தோன்றியதோ, நேற்று எடுத்த வியாழனையும் விஜயபாண்டிக்கு அனுப்பினார்.

பதில் வந்தது. அருமையாக இருக்கிறது அண்ணாச்சி, இதில் எத்தனை அணா கழிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

ஒன்றும் கழிக்க வேண்டாம் என்று இவர் தட்டினார். அனுப்பவில்லை. வியாழனைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினார்.

“நீ கண்ணால பாத்தீல்ல. இதே கலர்தான?”

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் அனுப்பினார்.