உடைந்த ஏணி

சைக்கிள் கடைப் பெண் கிர்ஸ்டி என் எடையைக் கேட்டாள். வெறும் எடை போதாதாம். முதுகுப்பை, தண்ணீர், தலைக்கவசம், முழங்கால் காப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். கடையின் நடுவில், மர்டோ பக்கத்தில் நிற்க, அறுபத்து மூன்று வயதுக்காரி நான் என் எடையைச் சத்தமாகச் சொன்னேன். மர்டோ கூரையில் தொங்கிய டயர்களை ரொம்பவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனை நான்தான் துணைக்குக் கூப்பிட்டிருந்தேன். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளை நான் அதுவரை வாங்கியதில்லை. பன்னிரண்டு வருடமாக என்னிடம் இருந்தது முன்னால் மட்டும் குழைந்து கொடுக்கிற ஒன்று. பின்பக்கம் விறைப்பு. ஒவ்வொரு வேரும் ஒவ்வொரு கல்லும் நேராக என் முதுகெலும்புக்கு வந்து சேரும். அந்த எலும்பில் இரண்டு கண்ணிகள் தேய்ந்துவிட்டன என்று எக்ஸ்ரேயில் காட்டியபிறகு, எங்கள் குழுவின் புதன்கிழமைச் சவாரியில் வரும் கடைசி இறக்கத்தில் மட்டும் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தேன். இரண்டு வருடம் அப்படித்தான். அதற்கு முன்பும் அங்கே மர்டோவின் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடிந்ததில்லை. அந்த இறக்கத்துக்கு உடைந்த ஏணி என்று பெயர். காட்டிலாகாவில் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் மர்டோ தன் கையால் வெட்டிய தடம் அது. உச்சியில் அவன் பெடலில் ஏறி நிற்பான். இரண்டாவது வளைவில் அவன் முதுகு மரங்களுக்குள் போய்விடும். பிறகு நான் இறங்கி நடப்பேன். வாரம் ஒருமுறை அந்த முதுகு மறைவதைப் பார்ப்பதற்காக நான் மலை ஏறினேன் என்று சொன்னால் எங்கள் புதன்கிழமைக்காரர்கள் நம்பமாட்டார்கள். அவர்களுக்கு நான் வாயாடி இஷ்பெல்.

ஆகஸ்ட் மாதம், பேக்கன் ரொட்டி தின்றுகொண்டே மர்டோ எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னான், வீட்டை விற்றாகிவிட்டது என்று. நார்வேயில் இருக்கும் மகள் கேத்ரியோனாவுக்கு இரட்டைக் குழந்தைகள். மருமகன் மாதத்தில் பாதி நாள் கடலில், எண்ணெய்க் கிணற்றில். அக்டோபர் நடுவில் கிளம்புகிறான். எல்லாரும் அவன் முதுகைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். சமையலறையைப் புதிதாக்க வைத்திருந்த பணம் வங்கியில் இருந்தது. மறுநாள் காலை, பழைய அலமாரிகள் இன்னும் பத்து வருடம் தாங்கும் என்று முடிவு செய்தேன். கேட்டவர்களிடம், புதுச் சைக்கிள் முதுகுக்காக என்றேன். அது பொய்யும் இல்லை.

கிர்ஸ்டி நல்ல பெண். வாய்தான் சில சமயம் முந்திவிடும்.

"பேட்டரி வச்சது ஒண்ணு பாக்கலாமே. உங்க வயசுல நிறைய பேர் அதுக்குத்தான்..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள்.

"என் வயசுல நிறைய பேர் செத்தும் போயிருக்காங்க, கிர்ஸ்டி. அதுக்காக?"

மர்டோ இருமினான். அது சிரிப்பு என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு சைக்கிள்களை வெளியே எடுத்தோம். கறுப்பு நிறத்தில் இருந்தது மிகவும் ஆழமாக அமுங்கக்கூடியது. செங்குத்தான மலையிலிருந்து குதிப்பவர்களுக்கானது. ஏறி உட்கார்ந்தால் சோபா மாதிரி இருந்தது. ஆனால் மேட்டில் மிதித்ததும் முன்சக்கரம் எங்கோ பராக்குப் பார்த்தபடி அலைந்தது. என் எடையை அது மதிக்கவே இல்லை. என்னைப்போல் இரண்டு பங்கு ஆளுக்காகச் செய்தது. அதன்மேல் காலைத் தூக்கிப் போடுவதற்குள் இடுப்பு முனகியது. இன்னொன்று கடுகு நிறம். பார்க்க அழகில்லை. ஆனால் நடுக்கம்பி தாழ்வாக இருந்ததால் கால் சுலபமாகத் தாண்டியது. அமுக்கம் குறைவுதான், மேட்டில் ஏறும்போது ஒழுங்காக முன்னே பார்த்து ஏறியது. காட்டுப் பாதையில் பூட்டிய கதவுகளுக்கு மேலாகத் தூக்கிப் போட வேண்டும் என்பதால் ஒருமுறை தோள்வரை தூக்கியும் பார்த்தேன். முடிந்தது. மர்டோ கறுப்பைத்தான் சொல்வான் என்று நினைத்திருந்தேன். அவன் கடுகைக் காட்டி, இறங்குவதைவிட ஏறுகிற நேரம்தான் அதிகம், ஏறுவதற்கு வாங்கு என்றான்.

பிறகு அதிர்வு தாங்கும் குழலான ஷாக்கில் காற்று வைத்தார்கள். பின்பக்க ஷாக்கின் தண்டில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். ஆள் அசையாமல் உட்கார்ந்தால் வண்டி எவ்வளவு அமுங்குகிறது என்று அது காட்டிவிடும். மர்டோ முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையில் இடுக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் தோளில் ஒரு கையை வைத்து ஏறி உட்கார்ந்தேன். இவ்வளவு பக்கத்தில் அவன் முகத்தை நான் பார்த்ததில்லை. ஈரக் கம்பளியும் புதினா மிட்டாயும் கலந்த வாசனை. அசையக் கூடாது என்றாள் கிர்ஸ்டி. நான் அசையவில்லை. அதிகம் விறைப்பு என்று கொஞ்சம் காற்றை இறக்கினாள். மறுபடி ஏறினேன். இப்போது அதிகம் குழைவு. மூன்றாவது முறை சரியாகிவிட்டது. கிர்ஸ்டி எப்போதும் தன் வேலையில் கெட்டிக்காரி. அன்றைக்கு மட்டும் நான்காவது முறைக்கு வழி வைத்திருக்கலாம்.

அடுத்த புதன்கிழமை, முந்தின இரவெல்லாம் பெய்த மழை காலையில் விட்டிருந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். உச்சியில் மர்டோவும் நானும் மட்டும். அவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

"என் முதுகப் பாரு. கீழ பாக்காத. நான் எங்க பிரேக்க விடறேனோ, அங்க நீயும் விடு."

பன்னிரண்டு வருடமாக அதைத்தான் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. இறங்கினோம். முதல் வேர்க்கூட்டம் வந்ததும் பழக்கத்தில் பல்லைக் கடித்தேன். ஒன்றும் வரவில்லை. பின்சக்கரம் தனியாக மேலே ஏறி இறங்கிக்கொண்டது, மூச்சு விடுவதுபோல. அதிர்வு என் கால்வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவது வளைவு. அவன் சாய்ந்தான், நான் சாய்ந்தேன். வளைவுக்கு அப்பாலும் அவன் இருந்தான். அங்கே மரங்களுக்கு நடுவில், ஈரமான நீல ஜாக்கெட்டோடு, எனக்குப் பத்தடி முன்னால். இடதுபக்கம் திரும்பும்போதெல்லாம் முழங்கையைத் தாழ்த்திக்கொள்வான் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். ஒரு ஆளின் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறேன். படிபோல் அடுக்கிய பாறைகளில் அவன் பிரேக்கை விட்டான். நானும் விட்டேன்.

அடிவாரத்தில் மண் ரோட்டுக்கு வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கன்னமெல்லாம் சேறு. அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவ்வளவு சந்தோஷமாகத் தெரியவில்லை.

"வழக்கமா நீ வந்து சேர இருபது நிமிஷம் ஆகும்," என்றான்.

"இனி காத்துக்கிட்டு நிக்க வேண்டாம், போ."

"எனக்கு அந்த இருபது நிமிஷம் பிடிக்கும், இஷ்பெல். மேல உன் பூட்ஸ் சத்தம் கேக்க ஆரம்பிக்கும். அப்புறம் நீ வண்டியத் திட்டறது கேக்கும். அப்பத்தான் ஃப்ளாஸ்க்கத் திறப்பேன்."

கீழே எங்கோ மரம் அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினேன்.

"போகாதேன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு," என்றேன்.

"சொல்லித்தான் பாரேன்."

"போகாதே, மர்டோ."

அவன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். "கேத்ரியோனாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். அவ ஒத்தையா இருக்கா."

"தெரியும்."

"முன்னாடியே நீ..."

"தெரியும்னு சொன்னேன்ல."

அவன் தேநீர் ஊற்றினான். ஃப்ளாஸ்க்கின் மூடி ஒன்றுதான். அவன் குடித்து எனக்குக் கொடுத்தான், நான் குடித்து அவனுக்குக் கொடுத்தேன். தேநீர் தீரும்வரை அப்படித்தான்.

அதற்கப்புறம் இரண்டு புதன்கிழமைகள் இருந்தன. இரண்டிலும் மழை, இரண்டிலும் மற்றவர்கள் கூடவே வந்தார்கள், இரண்டிலும் நான் அவன் பின்சக்கரத்தை விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவன் போனான். வழியனுப்ப நான் போகவில்லை. என் முதுகு சரியில்லை என்று செய்தி அனுப்பினேன். அது மட்டும் பொய்.

இப்போது அங்கிருந்து எழுதுகிறான். அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. பின் ஷாக்கில் எவ்வளவு காற்று வைத்திருக்கிறாய் என்று கேட்பான். நான் எண்ணை அனுப்புவேன். குளிர் வந்தால் கொஞ்சம் இறங்கும், பார்த்துக்கொள் என்பான். போன வாரம், வீட்டுக்குப் பின்னால் பாறையும் பைன் மரங்களுமாக ஏறிப்போகும் ஒரு சரிவைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். தடம் எதுவும் இல்லை. கீழே ஒரு வரி: வசந்தத்தில் இங்கே மண் இளகும், சைக்கிளை அட்டைப்பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவரலாமாம். கேள்விக்குறி இல்லை. நான் இன்னும் பதில் போடவில்லை. கிர்ஸ்டியிடம் சைக்கிள் வந்த காலிப் பெட்டிகள் இருக்குமா என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.

இன்று புதன்கிழமை. மற்றவர்களுக்கு முன்பே ஏறிவிட்டேன். உச்சியில் காற்று இல்லை. ராத்திரி உறைபனி விழுந்து லார்ச் மரங்கள் தங்கள் ஊசியிலைகளை மொத்தமாக உதிர்த்திருந்தன. தடம் தொடக்கத்திலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை மஞ்சள் ஊசிகள் ஒரு விரல்கடை கனத்துக்குப் படிந்து கிடந்தன. கல் எது, வேர் எது என்று தெரியவில்லை. அதன்மேல் ஒரு டயரின் கோடுகூட இல்லை. ஹேண்டில்பாரில் இருந்த பொத்தானை அமுக்கினேன், இறக்கத்துக்காகச் சீட் தாழ்ந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றேன். ஊசிகள் இன்னும் விழுந்துகொண்டிருந்தன, சத்தமில்லாமல், ஹேண்டில்பார்மேல், கையுறைமேல்.