திட்டத் தெரிந்த ஒருத்தி

...அழித்துவிட வேண்டுமாம், எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார் அந்த வழிகாட்டி, மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைக்கச் சொல்வதுபோல, "அந்தம்மா கீழ எழுதின கமெண்ட்டைத் தூக்கிடுங்க, நாலு பேர் படிச்சா நம்ம மேல நம்பிக்கை போயிடும்"... நம்ம மேலயாம்! விமர்சனம் எழுதியது இவள், திட்டு வாங்கியது இவள், நடுவில் அவர் எங்கிருந்து முளைத்தார்? வீட்டுச் சாமான்களைப் பயன்படுத்திப் பார்த்து இணையத்தில் விமர்சனம் எழுதுகிறவள், எழுத்து இன்னும் தேறட்டும் என்று இவளேதான் போய் அவருடைய எழுத்து வகுப்பில் சேர்ந்தாள், யாரை நொந்துகொள்ள? குறையைக் கடைசியில் வை, அதையும் சர்க்கரை தடவி வை என்பது அவர் பாடம்... தடவினாள். அந்த பிளாஸ்க் விமர்சனத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, சுத்தம் செய்வது சுலபம் என்று கழுவாமலே எழுதினாள். அதன் கீழேதான் அந்த வாசகி கேட்டிருந்தாள், எழுதினவங்க ஒரு தடவையாவது இதுக்குள்ள கையை விட்டுப் பார்த்தீங்களா, எங்கப்பா ஆஸ்பத்திரில இருக்காரு, தினமும் பால் கொண்டு போறேன், அடியில நேத்துப் பால் ஒட்டிக்கிட்டு நாறுது, அவர் முகத்தைத் திருப்பிக்கிறாரு... ஒரு வாரம் அதை நினைத்து நினைத்து வெந்தாள், யாரோ ஒருத்தி, முகம் தெரியாதவள், கை நீட்டி அறைந்த மாதிரி. இப்போது சமையலறைத் தொட்டியில் அதே பிளாஸ்க், இவள் கையோ மணிக்கட்டுக்கு முன்பே சிக்கி நிற்கிறது, இழுத்தால் வலிக்கிறது. அழிக்க மாட்டேன். என்ன செய்துவிடுவார்? கையை உருவி, அந்த ஈரத்தோடே வழிகாட்டிக்குச் செய்தி அனுப்பினாள்: இனிமே உங்க வகுப்புக்கு வரல சார். பிறகு அந்த வாசகிக்கு, உங்களிடம் பேசலாமா என்று.

எண் வந்தது. அழைத்தாள். மன்னிப்புக் கேட்டாள், பிறகு அடக்கமாட்டாமல், "புதுசா எழுதறேங்க, போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை படிச்சுச் சொல்லுவீங்களா?"

"நானா? எனக்குத் திட்டத்தாங்க தெரியும்."

"அதுக்குத்தான் ஆள் தேடிட்டிருந்தேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு, கூடவே சக்கர நாற்காலி உருளும் ஓசை, யாரோ யாரையோ கூப்பிடும் குரல். அழைப்பை வைத்ததும் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி, மறுபடி அழைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினாள், "இந்த பிளாஸ்க்கை வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் தூக்கி எறியுங்கள்"... எவ்வளவு துணிச்சலான வரி, எந்த வழிகாட்டி இதை எழுத விட்டிருப்பார்?

"முதல் வரியே பொய்ங்க."

"பொய்யா? நீங்கதானே..."

"நாறுதுன்னு சொன்னேன், எறியச் சொல்லலையே. சூடு நல்லாத்தான் நிக்குது. நீளமா ஒரு பிரஷ் வாங்கிட்டேன், இன்னைக்கும் அதுலதான் கொண்டு வந்திருக்கேன்."

"அது... நல்ல வரிங்க."

"நல்ல வரிதான். உங்களுக்கு யார் மேலயோ கோபம், அதைப் பாவம் பிளாஸ்க் மேல காட்டியிருக்கீங்க. சரி, அப்பா கூப்பிடறாரு, மாத்தி எழுதிட்டுக் கூப்பிடுங்க."

விடமாட்டேன், அந்த வரியை விடமாட்டேன், இவள் மட்டும் யார் எனக்குச் சொல்ல... என்று எழுந்தவள் அப்படியே நின்றாள். யார் மேல் கோபம்? வழிகாட்டியின் முகம் வரும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தாள், அது வரவில்லை; வந்தது, கழுவாமலே ஐந்து நட்சத்திரம் போட்ட தன் கைதான்.